வெங்காரம் தேடி மொஹாவிக்கு: போரேட் கல் பொறுக்கப் புதிதாகப் போகிறவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் படித்தது நினைவிருக்கிறதா? போரேட் உப்போடு (போரான் என்ற தனிமம் சேர்ந்த உப்பு) அடர் கந்தக அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்து, வரும் ஆவியைப் பற்றவைத்தால் சுடரின் ஓரம் பச்சையாக எரியும். 1881இல் கலிஃபோர்னியாவின் டெத் வேலிப் பகுதியில் ஏரன் விண்டர்ஸும் அவர் மனைவி ரோஸியும் இதைத்தான் செய்து பார்த்தார்கள். உப்புத் தரையிலிருந்து வாரி வந்த வெள்ளைப் பொடியில் அமிலமும் ஆல்கஹாலும் விட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார்கள். சுடர் பச்சையாக எரிந்தது. அவர்கள் கண்டுபிடித்ததை சான் ஃபிரான்சிஸ்கோ வணிகர் வில்லியம் டெல் கோல்மன் 20,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார். இந்தக் கட்டுரையில் நாம் அதிகம் பேசப்போகும் கோல்மனைட் என்ற கல்லுக்கு அவர் பெயரைத்தான் 1884இல் வைத்தார்கள்.

நமக்கும் இது அந்நியமான பொருள் இல்லை. பொற்கொல்லர் நகை பற்றவைக்கும்போது தடவுகிற வெங்காரம்தான் போராக்ஸ். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரும் இந்தக் குடும்பம்தான். அந்த வெங்காரம் பூமியில் கல்லாக, படிகமாக, பஞ்சு உருண்டையாகக் கிடக்கும் இடங்கள் உலகில் மிகக் குறைவு. பெரிய இருப்புகள் துருக்கியில் இருக்கின்றன. அதற்கு அடுத்துப் பேர்பெற்ற இடம் கலிஃபோர்னியாவின் மொஹாவிப் பாலை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இரண்டு மூன்று மணி நேரக் கார்ப் பயணம்.

நான் பல குளிர்காலங்களாக அங்கே போய்வருகிறேன். புதிதாக என்னோடு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சுத்தியலைப் பற்றித்தான் கேட்பார்கள். சுத்தியல் கடைசியில் வரட்டும். போரேட் தேடப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த நிலம் யாருடையது? இந்தக் கல் என் வீட்டில் உயிரோடு இருக்குமா? இரண்டுக்கும் விடை தெரியாமல் எடுத்துவருகிற கல் ஒன்று திருட்டாக முடியும், அல்லது ஒரு வருடத்தில் பொடியாக முடியும்.

எதைத் தேடுகிறோம்

ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாலையில் ஏரிகள் இருந்தன. கடலுக்கு வழியில்லாத, மூடிய ஏரிகள். சுற்றிலும் எரிமலைகள், வெந்நீர் ஊற்றுகள். ஊற்று நீர் போரானைக் கொண்டுவந்து ஏரியில் சேர்த்தது. வெயில் நீரைக் குடித்தது, போரேட் தங்கிவிட்டது. அதன் மேல் களிமண் படிந்து மூடிய இடங்களில் மட்டும் அது இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கிறது. மூடாத இடங்களில் மழை கரைத்துக்கொண்டு போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே தேடுவது, எப்படிக் கழுவுவது, எதில் வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி விடை கிடைத்துவிடும்.

புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியவை ஐந்துதான்.

போராக்ஸ்: நம் வெங்காரம். கண்ணாடி போன்ற படிகம், நகத்தாலேயே கிட்டத்தட்டக் கீறலாம், நீரில் கரையும்.

கெர்னைட்: போராக்ஸின் உறவு, நீர்ச்சத்து குறைந்தது. தட்டினால் நீளநீளச் சிம்புகளாகப் பிளக்கும். கெர்ன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) கிடைத்ததால் அந்தப் பெயர்.

யூலெக்சைட்: இரண்டு வேடம் போடும். உலர் ஏரித் தரையில் பஞ்சு உருண்டையாகக் கிடக்கும். களிமண் அடுக்குகளுக்குள் பட்டு நூல் அடுக்கியது போல இழைகளாக இருக்கும். இந்த இழைக் கல்லைத்தான் அமெரிக்கர்கள் டிவி கல் என்கிறார்கள்.

கோல்மனைட்: கால்சிய போரேட். கெட்டியானது, நீரில் கரையாதது என்றே சொல்லலாம். புதியவருக்கு ஏற்ற கல் இதுதான் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் பிறகு.

ஹௌலைட்: வெள்ளை, காலிஃபிளவர் போலக் கட்டிகட்டியாக வரும். மணிக்கடைகளில் நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்கப்படும் கற்களில் இதுவும் உண்டு.

நிலம் யாருடையது

மொஹாவியில் வேலி இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. அதனால் எல்லாம் பொது நிலம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரே ஓடையில் அரை மணி நேரம் நடந்தால் நான்கு வகை நிலத்தைக் கடந்துவிடலாம்.

பொறுக்க அனுமதியுள்ளது பெரும்பாலும் பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் கூட்டாட்சி நிலமேலாண்மைப் பணியகத்தின் நிலத்தில்தான். சொந்த மகிழ்ச்சிக்காக, விற்காமல், நியாயமான அளவில் கற்களும் கனிம மாதிரிகளும் எடுத்துக்கொள்ளலாம். கைக்கருவிகள் மட்டும். இயந்திரம் கூடாது, வெடி கூடாது. கல்லாகிப்போன மரத்துக்கு மட்டும் திட்டமான அளவு உண்டு: நாளுக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும், ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டு. மற்றக் கற்களுக்கு நியாயமான அளவு எவ்வளவு என்று கேட்டால், கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற அளவு என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

எடுக்கவே கூடாத இடங்கள்: டெத் வேலி தேசியப் பூங்கா. மொஹாவி தேசியக் காப்பகம், இதுவும் பூங்காத் துறையின் கையில் இருப்பது. ரெட் ராக் கேன்யன் போன்ற மாநிலப் பூங்காக்கள். எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம், சைனா லேக், ஃபோர்ட் இர்வின் ஆகிய ராணுவ நிலங்களில் காலே வைக்கக் கூடாது, அங்கே வெடிக்காத குண்டுகள் கிடக்கும். 2016இல் அறிவிக்கப்பட்ட மொஹாவி டிரெயில்ஸ் தேசிய நினைவிடம் பி.எல்.எம். கையில் இருப்பதால் அங்கே பொழுதுபோக்காகப் பொறுக்கலாம். பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் குழம்புவது எளிது, விதிகளோ நேர் எதிர்.

அடுத்த சிக்கல் கிளெய்ம். பி.எல்.எம். நிலமாகவே இருந்தாலும், 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி ஒருவர் ஒரு துண்டு நிலத்தில் கனிம உரிமை கோரிப் பதிவு செய்திருக்கலாம். அங்கே நடக்கலாம், படம் எடுக்கலாம். கனிமம் அவருடையது. நிலத்தில் அடையாளம் இருக்கும்: மூலையில் நட்ட மரக்குச்சி, வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், கல் குவியல், சில சமயம் உள்ளே சுருட்டி வைத்த காகிதம். பாலைக் காற்றில் குச்சி விழுந்துவிடும், ஆகவே அடையாளம் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது. போகுமுன் பி.எல்.எம்.மின் எம்.எல்.ஆர்.எஸ். இணையப் பதிவேட்டில் அந்தப் பகுதியைத் தேடுங்கள். பிறகு பார்ஸ்டோ அல்லது ரிட்ஜ்கிரெஸ்ட் பி.எல்.எம். அலுவலகத்துக்கு ஒரு ஃபோன். நில எண்ணைச் சொல்லிக் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

போரேட்டுக்கென்று தனியாக ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோடிய போரேட்டுகளை 1920ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் குத்தகைக் கனிமங்களாக வைத்திருக்கிறது. அதனால் உப்பு ஏரித் தரைகள் பல நிறுவனங்களின் குத்தகையில் இருக்கும். கிளெய்ம் குச்சி ஒன்றும் தென்படாது. காலியாகத் தெரிகிற ஏரித் தரையில் இறங்கித் தோண்டாதீர்கள். புதியவர் கோல்மனைட்டிலிருந்து தொடங்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அது மலைச்சரிவு ஓடைகளில் கிடைக்கிறது, எல்லையைச் சரிபார்ப்பது எளிது.

கைபேசியில் ஆன்எக்ஸ், கையா போன்ற வரைபடச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, நில உரிமை அடுக்கைப் போட்டு, வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் இருக்காது.

எங்கே போவது

முதல் பயணத்துக்கு நான் சொல்வது கேலிகோ மலைகள். பார்ஸ்டோவுக்குக் கிழக்கே, யெர்மோ ஊருக்கு வடக்கே. 1880களில் வெள்ளி எடுத்த மலை. அதன் கிழக்குப் பக்கத்தில் கோல்மனைட் கண்டுபிடித்து, போரேட் என்றே பெயர் வைத்த ஒரு சுரங்க ஊர் நடந்தது. 1898இல் அங்கிருந்து டாகெட்டுக்குச் சிறு ரயில் பாதை போட்டார்கள். 1907இல் வேலை டெத் வேலிப் பக்கம் மாறியதும் ஊர் காலியானது. மியூல் கேன்யன் மண்சாலை இந்தப் பகுதிக்கு இட்டுச் செல்லும். மழைக்குப் பின் சாலை அரித்துப் போகும், தரை உயரமான வண்டி இருந்தால் நிம்மதி. மூன்று எச்சரிக்கைகள். கேலிகோ பேய் ஊர், அதாவது ஆள் இல்லாமல் போன பழைய சுரங்க ஊர், இப்போது கவுண்டிப் பூங்கா, அங்கே ஒரு கூழாங்கல்கூட எடுக்கக் கூடாது. பழைய சுரங்க நிலங்கள் சில தனியார் சொத்து. மீதியில் கிளெய்ம்கள் உண்டு. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

படிகம் வேண்டுமென்றால் சியர்ல்ஸ் என்ற உப்பு ஏரியின் கரையிலுள்ள டிரோனா ஊர். அந்த ஏரி சுரங்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது, தனியாகப் போனால் அத்துமீறல். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில், ஊர்க் கல் சங்கம் ஜெம்-ஓ-ராமா என்ற திருவிழாவை நடத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோரையும் ஏரிக்குள் கூட்டிப்போகும். கறுப்புச் சேற்றில் கைவிட்டு ஆறு பக்க ஹாங்க்சைட் படிகங்களைத் துழாவி எடுப்பதும், இளஞ்சிவப்பு உப்புப் படிகம் உடைப்பதும் அங்கேதான். ஹாங்க்சைட் போரேட் அல்ல, அது சல்ஃபேட்டும் கார்பனேட்டும் கலந்தது. சேற்றில் போராக்ஸ் படிகமும் அகப்படும். குழந்தைகளோடு போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தேதியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பார்த்துப் பழக இரண்டு இடங்கள். ஒன்று, 58ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் போரான் ஊர். 1913இல் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோது கோல்மனைட் கிடைத்த இடம் இது. இன்று கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் அங்கே இருக்கிறது. சுரங்கத்துக்குள் பொறுக்க முடியாது, ஆனால் ஊரிலுள்ள இருபது கோவேறு கழுதை அருங்காட்சியகத்தில் கெர்னைட், யூலெக்சைட், போராக்ஸ் மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கண் பழகாமல் பாலைக்குப் போனால் எல்லாக் கல்லும் வெள்ளைக் கல்தான்.

இன்னொன்று டெத் வேலியின் ஹார்மனி போராக்ஸ் ஆலை. 1883 முதல் 1888 வரை இங்கே சீனத் தொழிலாளர்கள் உப்புத் தரையில் யூலெக்சைட் பஞ்சு உருண்டைகளைச் சுரண்டிச் சேர்த்தார்கள். அதைக் கொதிக்கவைத்துப் போராக்ஸ் எடுத்து, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் 165 மைல் தூரம் மொஹாவி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். கோடையில் ஆலை ஓடாது. போராக்ஸ் படிகமாக வேண்டுமானால் கரைசல் ஆற வேண்டும், டெத் வேலிக் கோடையில் கரைசல் ஆறவே ஆறாது. இன்று அந்தத் தரையில் நின்று குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள்.

எப்போது, எதை எடுத்துக்கொண்டு

நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் 43 டிகிரியைத் தாண்டும் வெயிலில் எந்தக் கல்லும் அந்தக் கஷ்டத்துக்குத் தகாது.

ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். நான் எட்டு எடுத்துப்போவேன், மீந்தது வண்டியில் இருக்கட்டும். கல் சுத்தியல், உளி, சிறு மண்வெட்டி, பத்து மடங்கு லென்ஸ், செம்பு நாணயம், பேனாக்கத்தி, சிறு புட்டியில் வினிகர். பழைய செய்தித்தாள், ஜிப் பைகள், மார்க்கர் பேனா. கையுறை, கெட்டிச் செருப்பல்ல, கணுக்காலை மூடும் ஷூ. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி: வெயில் கண்ணாடி போதாது, சுத்தியலில் தெறிக்கும் சில் அதைத் துளைக்கும். தோண்டுவதாக இருந்தால் என்-95 முகக்கவசம். இந்த வட்டாரத்து மண்ணில் வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோயைக் கொடுக்கும் பூஞ்சை இருக்கிறது, தூசியோடு உள்ளே போகும்.

எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஓடையில் இறங்கி

கோல்மனைட்டைத் தேட மலையில் ஏற வேண்டாம். ஓடையில் தொடங்குங்கள். குளிர்கால மழை மேலிருந்து உருட்டிக்கொண்டு வந்த கற்கள் வறண்ட ஓடையின் வளைவுகளில் ஒதுங்கிக் கிடக்கும். போரேட் கல் ஒன்று அகப்பட்டால் நின்று, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று பாருங்கள். ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் இரு கிளைகளிலும் ஐம்பது அடி நடந்து பார்த்தால், ஒன்றில் துண்டுகள் இருக்கும், மற்றதில் இருக்காது. இருக்கும் கிளையில் மேலே போங்கள். துண்டுகள் திடீரென நின்றுபோகும் இடத்தில் தலையைத் தூக்கிக் கரையைப் பாருங்கள். சாம்பல் அல்லது வெளிர்பச்சைக் களிமண் அடுக்கு சாய்ந்து நிற்கும், நடுவில் வெள்ளைக் கோடு ஓடும்.

முதன்முதலில் எனக்கு நல்ல கோல்மனைட் கிடைத்ததும் இப்படித்தான். ஓடையின் ஓரத்தில் உருளைக்கிழங்கு அளவில் ஒரு அழுக்குக் கட்டி. மேலே சுண்ணாம்பு பூசியது போலச் சொரசொரப்பு. நான் காலால் தள்ளிவிட்டு இரண்டு அடி போய்விட்டேன். கூட வந்த கல் சங்கத்துப் பெரியவர் அதை எடுத்துக் கையில் எடைபார்த்தார், கரையில் வைத்து உளியை ஒரு கோட்டில் பிடித்து மெதுவாக ஒரு தட்டு. கட்டி இரண்டாக விட்டது. உள்ளே குழிவு. குழிவின் சுவரெல்லாம் நெருக்கமாக நிற்கும் சாய்சதுரப் படிகங்கள், கற்கண்டு உடைத்தது போல, ஆனால் கற்கண்டைவிடக் கூர்மையான விளிம்போடு. காலை வெயில் பட்டதும் ஒரு தளம் மட்டும் முழுக்க மின்னி அணைந்தது. கல்லை ஒரு துளி திருப்பினால் அடுத்த தளம். அன்றிலிருந்து வெளியே அழுக்காக இருக்கும் வெள்ளைக் கட்டி எதையும் நான் காலால் தள்ளுவதில்லை.

உடைப்பதில் அவசரம் வேண்டாம். கோல்மனைட்டுக்கு ஒரு திசையில் மிக எளிதாகப் பிளக்கும் குணம் உண்டு. ஓங்கி அடித்தால் படிகம் தட்டுத்தட்டாகச் சிதறிவிடும். சந்தேகமாக இருந்தால் உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

தோண்டிய குழியை மூடிவிடுங்கள். பாலை ஆமை அதில் விழுந்தால் ஏறி வர முடியாது. ஆமை எதிரே வந்தால் தொடக்கூடாது, சட்டமும் அதைத் தடுக்கிறது. பயந்தால் அது தன் உடலில் சேமித்த நீரை வெளியே விட்டுவிடும், வறட்சிக் காலத்தில் அந்த நீர்தான் அதன் உயிர். வண்டியைக் கிளப்புமுன் அடியில் குனிந்து பாருங்கள். நிழலுக்கு அங்கே வந்து படுத்திருக்கும்.

பழைய சுரங்க வாய்கள் வழியில் நிறைய வரும். உள்ளே போகாதீர்கள், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். நூறு வருட மரத்தூண் உளுத்திருக்கும், காற்று கெட்டிருக்கும், இருட்டில் தரையே இல்லாத குழி இருக்கும். வெளியே கொட்டிக் கிடக்கும் கழிவுக் குவியலிலேயே, உரிமைச் சிக்கல் இல்லாத இடமாக இருந்தால், வேண்டிய கல் கிடைக்கும். அங்கே கிடக்கும் துருப்பிடித்த டின், நிறம் மாறிய கண்ணாடிப் புட்டி, தண்டவாள ஆணி எதையும் எடுக்கக் கூடாது. நூறு ஆண்டு கடந்த மனிதப் பொருட்களை 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் காக்கிறது. எலும்புப் புதைபடிவமும் அப்படித்தான். இந்தக் களிமண் அடுக்குகள் பழங்கால ஒட்டகங்களும் குதிரைகளும் புதைந்த அடுக்குகள். எலும்பு கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு பி.எல்.எம்.முக்குச் சொல்லுங்கள்.

கல்லைத் தூக்குமுன் உங்கள் பக்கமிருந்து தூரத்து ஓரத்தை உயர்த்துங்கள், அடியில் இருக்கும் கிலுகிலுப்பை விரியனோ தேளோ அந்தப் பக்கமாக வெளியேறட்டும். மலைமேல் மேகம் கறுத்தால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், ஓடையை விட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வெள்ளம் மேலே பெய்த மழையிலிருந்து வரும்.

இது போரேட்தானா

கேலிகோ ஓடைகளில் வெள்ளையாகக் கிடப்பதில் பாதி ஜிப்சமும் கால்சைட்டும். வரிசையாகச் சோதியுங்கள். நகத்தால் கீறுங்கள்: கோடு விழுந்தால் ஜிப்சம். விழாவிட்டால் ஒரு மூலையைச் சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் வினிகர் சொட்டு விடுங்கள்: குமிழி எழுந்தால் கால்சைட். குமிழி இல்லை, செம்பு நாணயம் கீறவில்லை, கத்தி மட்டும் கீறுகிறது என்றால் கோல்மனைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கையில் எடுத்ததும் அளவுக்கு மீறிக் கனத்தால் செலஸ்டைட், அதுவும் அந்தப் பக்கத்தில் உண்டு.

முடிவான சோதனையை வீட்டில் செய்யலாம். நெல்மணி அளவு சில் ஒன்றைக் கண்ணாடி அணிந்துகொண்டு, நீளமான இடுக்கியில் பிடித்து, காற்றோட்டமான இடத்தில் சிறு கேஸ் சுடரில் காட்டுங்கள். கோல்மனைட் என்றால் படபடவென்று பொரியும். சித்த மருத்துவர்கள் வெங்காரத்தைப் பொரிப்பது என்று சொல்வார்கள், அதே சொல் இங்கேயும் அச்சாகப் பொருந்தும்: கல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி அதைப் பிளந்து தள்ளுகிறது. சுடரில் பச்சைச் சாயலும் தெரியும். செம்பும் பேரியமும்கூடப் பச்சை காட்டும், ஆகவே பொரிவதையும் பச்சையையும் சேர்த்தே பாருங்கள். விண்டர்ஸ் செய்த அமில, ஆல்கஹால் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். அது ஆய்வுக்கூடத்துக்கு உரியது.

பழைய கல் பொறுக்கிகள் போராக்ஸை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் செய்யாதீர்கள். போரான் சுரங்கத்தில் போரேட்டோடு ரியல்கரும் சேர்ந்தே வருகிறது. நாம் மனோசிலை என்று சொல்லும் சிவப்பு ஆர்சனிக் கனிமம் அது. போரேட்டும் உள்ளே போகத் தக்க பொருள் இல்லை. கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

மற்றக் கல் பொறுக்கிகளுக்கு வேலை இங்கே முடிந்துவிடும். நமக்கு இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வருடம் டிரோனாவிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு போராக்ஸ் படிகம் கொண்டுவந்தேன். பனிக்கட்டி போலத் தெளிவு. சேறு ஒட்டியிருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் காட்டினேன். கண்முன்னே விளிம்புகள் மழுங்கி, சோப்புக் கட்டி போல வழுவழுப்பாகிவிட்டது. மீதியை அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரத்தில் மேலே மெல்லிய வெள்ளைப் படலம். தீபாவளிக்குள் படிகம் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டி. விரலால் தொட்டால் பொடி. போராக்ஸ் வறண்ட காற்றில் தன் நீரை இழந்து டின்கல்கோனைட் என்ற வேறு கனிமமாக மாறிவிடுகிறது. போன படிகம் திரும்பக் கிடைக்காது.

ஆகவே போராக்ஸைத் தண்ணீரில் கழுவாதீர்கள். சேற்றை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உடனே காற்றுப் புகாத மூடி போட்ட சிறு புட்டியில் வைத்துவிடுங்கள். வெயிலும் ஏசியும் படாத இடம் நல்லது. ஹாங்க்சைட்டைக் கழுவ ஏரியிலிருந்தே ஒரு புட்டி உப்பு நீர் பிடித்து வாருங்கள். ஏற்கெனவே உப்பு நிறைந்த நீர் படிகத்தைக் கரைக்காது.

கெர்னைட்டும் காலப்போக்கில் மேலே வெள்ளை பூக்கும், அதற்கும் புட்டிதான். யூலெக்சைட்டை நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கலாம், ஊறப்போடக் கூடாது, வெந்நீர் படவே கூடாது. கோல்மனைட்டும் ஹௌலைட்டும் கவலை தராதவை, தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். கோல்மனைட்டை இரவில் புற ஊதா விளக்கில் காட்டிப் பாருங்கள், சில துண்டுகள் வெளிர் மஞ்சளாக ஒளிரும்.

இழை யூலெக்சைட் கிடைத்தால், அல்லது போரான் பக்கத்துக் கல் கடையில் வாங்கினால், இழைகளுக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் வெட்டி, நுண்ணிய உப்புத்தாளில் உலர்வாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். பிறகு அதை நாட்காட்டித் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தேதியின் எண் கல்லுக்கு அடியில் இருப்பதாகத் தோன்றாது. கல்லின் மேல் முகத்திலேயே அச்சடித்தது போல வந்து நிற்கும். ஒவ்வொரு இழையும் ஒளியைத் தனக்குள் பிடித்து மேலே கொண்டுவந்து விடுகிறது, ஒளியிழைக் கேபிள் செய்வதும் இதே வேலைதான். என் மகள் அதை வைத்து மூன்று நாள் காலண்டரையே படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகச் சீட்டு. கல்லைப் பையில் போடும்போதே எழுதுங்கள், வீட்டில் எழுதலாம் என்று விட்டால் மூன்று பைகளும் கலந்துவிடும். இடம் தெரியாத கனிமம் சேகரிப்பவருக்கும் பயன்படாது, படிப்பவருக்கும் பயன்படாது. என் மேசையில் இருக்கும் அந்த உருளைக்கிழங்குக் கட்டியின் சீட்டில் இவ்வளவுதான் இருக்கிறது: கோல்மனைட், களிமண் கட்டிக்குள் படிகம். கேலிகோ மலை, மியூல் கேன்யன், கிழக்குக் கிளை ஓடை, சான் பெர்னார்டினோ கவுண்டி. பி.எல்.எம். நிலம், கிளெய்ம் இல்லை எனச் சரிபார்த்தது. ஓடைத் தரையில் கிடந்தது. தேதி. பெரியவர் உடைத்தது.